கறுப்பில்லாத காபன்

இடது கைப் பெருவிரலும் சுட்டுவிரலும் கறுத்த உருண்டையை அச்சில் வைத்து ஒரு தடவை திருகின. வலது கை ட்ரில்லின் பிடியை இறக்கியது. கிர்ரென்று ஒரு சத்தம். கறுத்த நைலோன் சீவல் சுருள் சுருளாக மேசையில் விழுந்தது. பிடி மேலே போக, உருண்டை வெளியே வந்தது. அதன் மூன்று துளைகளிலும் கைகள் மூன்று கம்பித் துண்டுகளைச் செருகி, ஒரு கண்ணாடித் தட்டின் மேல் வைத்தன. கண்ணை மேசை மட்டத்துக்கு இறக்கிப் பார்த்தால், ஒரு கம்பி மட்டும் கண்ணாடியைத் தொடாமல் உயர்ந்து நின்றது. உயர்ந்துதான் நிற்க வேண்டும். ஆனால் இவ்வளவுக்கு இல்லை. கைகள் கம்பிகளைக் கழற்றிவிட்டு, ‘பிழை’ என்று எழுதிய பழைய யோகட் வாளிக்குள் உருண்டையைப் போட்டன. வாளிக்குள் அதற்கு முன்பே பதினொன்று கிடந்தன.

கைபேசி மூன்றாவது தடவையாக அடித்தது. அடிக்கட்டும் என்று சிவமலர் அடுத்த உருண்டையை எடுத்தாள்.

சிவமலருக்கு ஐம்பத்தெட்டு வயது. இருபத்தாறு வருடமாக, புலம்பெயர்ந்து வந்த நகரின் லாசால் பகுதியில், ரயில் பாதைக்குப் பின்னால் உள்ள ஒரு தாழ்ந்த கட்டடத்தில், வின்சன்ட் என்பவரின் பட்டறையில் வேலை செய்கிறாள். பள்ளிகளுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் மூலக்கூறு மாதிரிகள் செய்யும் இடம் அது. தண்ணீரோ சீனியோ காய்ச்சல் குளிசையோ, எதை எடுத்தாலும் அடியில் இருப்பது கண்ணுக்குத் தெரியாத அணுக்கள் ஒரு ஒழுங்கில் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கும் வடிவம்தான். அந்த வடிவத்தைக் கையில் தூக்கித் திருப்பிப் பார்க்கிற அளவுக்குப் பெருப்பித்துக் கொடுப்பது அவள் தொழில். அணுவுக்கு உருண்டை, பிணைப்புக்குக் கம்பி. நிறத்தை அவள் தீர்மானிப்பதில்லை. காபன் கறுப்பு, ஐதரசன் வெள்ளை, நைதரசன் நீலம், ஒட்சிசன் சிவப்பு. அவர்கள் பட்டறையிலிருந்து போகும் எல்லாப் பெட்டிக்கும் அதுதான் சட்டம்.

அவளுக்கு இதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. உருண்டைகளை எண்ணிப் பைகளில் போடுகிற வேலைக்குத்தான் வந்தாள். பிழையென்று திரும்பி வந்த பெட்டிகளை மூலையில் அடுக்கும் வேலையும் அவளுடையது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் அந்தப் பெட்டிகளைப் பிரித்துப் பார்த்து, ஆறு காபன் வளையம் ஏன் மூட மறுக்கிறது, எந்தத் துளை ஒரு பாகை தவறியது என்று கண்டுபிடித்தாள். பழைய புத்தகக் கடையில் ஒரு தடித்த பிரெஞ்சு இரசாயனப் புத்தகம் வாங்கினாள். வசனங்களை விட்டுவிட்டு அட்டவணைகளை மட்டும் படித்தாள். ஒவ்வொரு அணுவுக்கும் மூன்று எண்கள் உண்டு: எவ்வளவு தள்ளி, எவ்வளவு குறுக்கே, எவ்வளவு உயரத்தில். முதல் இரண்டையும் கட்டத்தாளில் குறித்து, தாளைத் தக்கைப் பலகையில் ஒட்டி, மூன்றாவது எண்ணின் உயரத்துக்கு ஊசிகளை வெட்டிக் குத்தினால், ஒரு உருண்டையைத் தொட முன்னமே வடிவம் எழுந்து நிற்கும். அப்படி ஒரு வழியை அவளே கண்டுபிடித்தாள். வின்சன்ட் முதலில் சிரித்தார். பிறகு கடினமான ஓடர்களையெல்லாம் அவள் மேசையில் வைத்துவிட்டுப் பேசாமல் போகத் தொடங்கினார்.

ஆனால் ஊருக்கு இதெல்லாம் எங்கே தெரிகிறது! கோயிலில் கண்டால், “இப்பவும் உந்த உருண்டை உருட்டுற வேலைதானோ, மலர்?” என்பார்கள். பிறந்தநாளுக்குப் பிள்ளைகளுக்குக் கொடுக்க நாலு உருண்டை கேட்டவர்களும் உண்டு. படித்த பேராசிரியர்கள் அதற்கு மேல். மாதிரியை வாங்கும்போது தலையில் பிடித்துத் தூக்குவார்கள். கழன்று விழுந்ததும் மின்னஞ்சல் போடுவார்கள். அதனால் அவள் ஒரு சட்டம் வைத்திருந்தாள். வாங்குகிறவர் இரண்டு கையையும் அடிப்பலகைக்குக் கீழே கொடுக்கும்வரை அவள் தன் பிடியை விடமாட்டாள். எத்தனையோ பேராசிரியர்கள் வாசலில் அவளோடு இழுபறிப்பட்டிருக்கிறார்கள்.

இப்போது அவள் செய்துகொண்டிருந்தது வித்தியாவின் மூலக்கூறு. வித்தியா அவளுடைய கூட்டாளி பவளராணியின் ஒரே மகள். ஆறு வருடம் ஆய்வுகூடத்தில் நின்று, அதுவரை யாரும் செய்யாத ஒன்றைச் செய்திருந்தாள். ஏழு வளையங்கள், ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்தபடி வளைந்து போகும். ஆறாவதோடு வட்டம் மூடப் பார்க்கும். ஏழாவதுக்கு இருக்க இடமில்லை. அது முதலாவதின் தலைக்கு மேல் ஏற வேண்டியதுதான். அதனால் முழுவதும் சுருள் படி மாதிரி முறுக்கிக்கொள்ளும். வித்தியா மடிக்கணினியில் சுழற்றிச் சுழற்றிக் காட்டினாள்.

“படம் வேண்டாம், பிள்ளை. எண்களைத் தா,” என்றாள் சிவமலர்.

கலியாணம் ஆவணியில், டொலார்ட்-டெஸ்-ஓர்மோ முருகன் கோயிலில். பின்னேரம் மண்டபத்தில் விருந்து. விருந்து வாசலில், பொம்பிளை மாப்பிள்ளை படத்துக்குப் பக்கத்தில், தன் மூலக்கூறு இருக்க வேண்டும் என்பதுதான் வித்தியா கேட்ட ஒரே ஒரு ஆசை. சேலை, நகை, பூ, சாப்பாடு எதிலும் அவள் வாய் திறக்கவில்லை.

“அம்மா ஆரும் கேட்டா, மகள் மருந்துப் படிப்பு எண்டு சொல்லுவா, அன்ரி. ஆறு வருசமா என்ன செய்யிறாய் எண்டு ஒருநாளும் கேட்டதில்ல. ஸ்கிரீன்ல காட்டினன். புழு மாதிரிக் கிடக்கு எண்டா. கையில குடுத்தா விளங்குமோ எண்டு பாக்கிறன்.”

அதனால்தான் சிவமலர் வேலை முடிந்த பிறகும் இருந்தாள். தட்டையான வளையத்துக்கு நூற்றிருபது பாகைத் துளை போதும். முறுகிய வளையத்துக்குப் போதாது. உருண்டைக்கு உருண்டை சரிவு வேறு. ஒவ்வொன்றுக்கும் அச்சின் கீழ் ஒரு மெல்லிய ஆப்பைச் சீவி வைத்துத் துளைத்தாள். கறுப்பு இருபத்தெட்டு, வெள்ளை பதினாறு, நீலம் இரண்டு. நாற்பத்தாறும் ஏறி முடிந்தபோது, மேசை லாச்சியிலிருந்து ஒரு திருகாணியை எடுத்துப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தாள். ஆணியின் புரி போகிற பக்கமே இதுவும் போனது. சரி.

சனிக்கிழமை பவளராணி பார்க்க வந்தாள். ஜான்-டலோன் சந்தையில் பத்தொன்பது வருடமாக மரக்கறிக் கடையில் நிற்பவள். நடையிலும் கதையிலும் அந்த வேகம் இருக்கும். துணியை நீக்கியதும் வாயைப் பொத்தினாள்.

“இதென்னடி?”

“உன்ர மகள் செய்தது.”

“கறுப்பு.”

“காபன். இருபத்தெட்டு.”

“மிச்சம் வெள்ளை.”

“ஐதரசன். பதினாறு.”

“கறுப்பும் வெள்ளையும்! மலர், இது கலியாண வீட்டு வாசலுக்கோ, செத்தவீட்டு வாசலுக்கோ?”

“ரெண்டு நீலமும் இருக்கு.”

“அந்த ரெண்டையும் காட்டி என்னைப் பேய்க்காட்டாத. மஞ்சள் அடி. மங்களமாயிருக்கும்.”

“மஞ்சள் கந்தகம்.”

“அப்ப சிவப்பு.”

“ஒட்சிசன்.”

“பச்சை? நல்ல மயில் பச்சை.”

“குளோரீன். இருபத்தெட்டுக் குளோரீனைக் கோத்து வைச்சா வித்தியாவின்ர புரொபசர் வாசல்ல பாத்திட்டு அப்பிடியே திரும்பி ஓடுவார்.”

“ஓடட்டும். ஒரு சாப்பாடு மிச்சம்.”

சிவமலர் துணியை எடுத்து மாதிரியை மூடினாள். “நான் பொய்ச் சாமான் வெளிய விடுறேல்ல, பவளம். இருபத்தாறு வருசத்தில விடேல்ல. நிறம் மாறினா பேர் மாறும். தக்காளிப் பெட்டியில நீ பீட்றூட் எண்டு எழுதுவியே?”

பவளராணி கதிரையில் உட்கார்ந்து கைப்பையின் வாரை விரலில் சுற்றினாள். “உனக்கென்ன, கதைப்பாய். அவர் போனதுக்குப் பிறகு என்னை ஒரு நல்ல காரியத்திலயும் முன்னுக்கு நிக்க விடாயினம். தாரை வாக்கிறதுகூட அண்ணையும் மச்சாளும்தான். நான் பின்னால. இதில வாசல்லயே கறுப்பையும் வைச்சா, நாளைக்கு அந்தப் பிள்ளைக்கு ஒரு தலையிடி வந்தாலும் ஆரைச் சொல்லுவினம்? என்னைத்தானே.”

சிவமலர் துணியின் ஓரத்தை இழுத்துச் சரிசெய்தாள். அவளுக்கு எரிச்சல் மூண்டது. கறுப்பில் என்ன குற்றம் இருக்கிறது? அரிசியிலும் மஞ்சளிலும் தாலிக்கொடியில் பூசுகிற சந்தனத்திலும் இருப்பது அதே காபன்தான். இதைச் சொன்னால் பவளம் காதைப் பொத்துவாள்.

திங்கட்கிழமை ஒரு புது எண்ணிலிருந்து கைபேசி அடித்தது.

“ஹலோ, சிவமலர் மேடமா? நான் ஸ்வர்ணா, மாப்பிள்ளை அபிஷேக்கோட அம்மா பேசறேன். கலர் விஷயம் நீங்களும் சம்பந்தியும் பாத்துக்கோங்க, நான் தலையிட மாட்டேன். ஆனா மொத்தம் நாப்பத்தாறு உருண்டைன்னு வித்தியா சொன்னா. எங்க வீட்டுல நல்லதுக்கு எது வெச்சாலும் ஒத்தைப்படைதான். ஒண்ணே ஒண்ணு சேத்துடுங்களேன், பிளீஸ்.”

“ஒண்டு கூட்டினா அது வேற சாமான், அம்மா.”

“யாருங்க எண்ணப் போறா?”

“பொம்பிளை எண்ணுவா.”

“சரி, அப்போ ஒண்ணைக் கழட்டிடுங்க. நாப்பத்தஞ்சு.”

சிவமலர் கைபேசியை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு, யோகட் வாளியை எடுத்து ஒரு குலுக்குக் குலுக்கினாள். அந்தச் சத்தம் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை வித்தியா அழைத்தாள். குரல் களைத்திருந்தது. “அன்ரி, மஞ்சளே அடிச்சு விடுங்கோ. இல்லாட்டி வைக்கவே வேண்டாம். அம்மா ரெண்டு நாளாச் சாப்பிடேல்ல. நான் வேணுமெண்டா அதுக்குப் பதிலா ஒரு போட்டோ வைக்கிறன்.”

“ஆறு வருசம் மினக்கெட்டது நீ. இப்ப கந்தகம் எண்டு சொல்லி வைப்பியோ?”

“அங்க வாற ஆருக்கும் தெரியாது.”

“உனக்குத் தெரியும். எனக்குத் தெரியும். புரொபசருக்குத் தெரியும். மூண்டு பேர் காணும். வை போனை, எனக்கு வேலை கிடக்கு.”

வைத்த பிறகுதான், தான் கோபித்தது அந்தப் பிள்ளையோடு அல்ல என்று தெரிந்தது. கோபம் கறுப்பை அபசகுனம் என்றவர்களோடு, காபனுக்குக் கறுப்பைத் தேர்ந்தவர்களோடு, விட்டுக்கொடுக்கத் தெரியாத தன் கைகளோடு. கலியாணத்துக்கு நாலு நாள் இருந்தது. மாதிரி துணிக்குக் கீழே நின்றது. கோபத்தோடு சும்மா இருக்கத் தெரியாதவள், அடுத்த ஓடரின் தாளை எடுத்து விரித்தாள்.

அது ஒரு கல்லூரியின் சாதாரண ஓடர். தாளில் வெறும் கோடுகள். ஆறுமூலைக் கட்டங்கள், அவற்றிலிருந்து கிளம்பும் வால்கள், ஒரு முனையில் மட்டும் ஒட்சிசனுக்கான எழுத்து. சிவமலர் வழக்கம்போலப் பென்சிலை எடுத்து, கோடு மடங்குகிற ஒவ்வொரு மூலையிலும் ஒரு புள்ளி வைத்து எண்ணத் தொடங்கினாள். ஒன்று, இரண்டு, மூன்று. ஓடர் வந்ததும் அவள் செய்யும் முதல் வேலை இது. இரசாயனக்காரர் காபனை எழுதுவதில்லை. கோடு மடங்கினால் அங்கே காபன் நிற்கிறது என்று அர்த்தம். அதோடு ஒட்டிய ஐதரசனையும் எழுதுவதில்லை. எத்தனை என்று கணக்குத் தெரியும். மற்றவைதான் பேர் சொல்லி எழுதப்படும்.

பென்சில் ஏழாவது மூலையில் நின்றது.

“விசரி,” என்று தன்னையே ஏசினாள். இருபத்தாறு வருடமாக, அவர்கள் எழுதாத இடத்திலெல்லாம் இவள் கறுப்புப் புள்ளி வைத்து, புள்ளிக்கு உருண்டை வைத்து, உருண்டைக்குத் துளை போட்டு வந்திருக்கிறாள். ஒரு நாளாவது கோட்டைக் கோடாகவே விட்டால் என்ன என்று தோன்றவில்லை.

வித்தியாவுக்குப் போன் எடுத்தாள். “பிள்ளை, உருண்டை இல்லாம, கம்பி மட்டும். மடங்கிற இடம் காபன். நைதரசன் ரெண்டுக்கும் மட்டும் நீலம். இது பொய்யோ, மெய்யோ? யோசிச்சுச் சொல்லு.”

அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு. “அன்ரி, நாங்கள் எல்லாரும் இப்பிடித்தானே கீறுறது. என்ர தீசிஸ் முழுக்க இப்பிடித்தான்.”

“இடையிடையே பிணைப்புக்கு இரட்டைக் கோடு போடுறியள். அது?”

“அது எல்லா வளையத்துக்கும் பொதுவா ஓடுறது. ஒற்றையா விடுங்கோ, பிழையில்ல.”

“பித்தளைக் கம்பி. மஞ்சளாத்தான் இருக்கும். ஆனா நிறச் சட்டம் உருண்டைக்குத்தான், கம்பிக்கில்ல.”

“அன்ரி, அதை ஆரும் கேக்க மாட்டினம்.”

“நான் கேட்டன்,” என்றாள் சிவமலர்.

சும்மா சொல்லிவிட்டாளே தவிர, வேலை சும்மா இல்லை. அந்த மூலக்கூறின் வெளிவிளிம்பு முழுவதும் ஒரே கம்பியாக ஓட வேண்டும்: முப்பது மடிப்பு, முப்பதும் வெவ்வேறு சரிவு. உருண்டை என்றால் பிழைத்ததை வாளிக்குள் போடலாம். கம்பியில் இருபத்தொன்பதாவது மடிப்புப் பிழைத்தாலும் முழுக் கம்பியும் குப்பை. தக்கைப் பலகையில் நின்ற ஊசிகளைப் பிடுங்கி, வெப்பம் தாங்கும் செங்கல்லில் அதே இடங்களில் துளை போட்டு, அதே உயரத்துக்கு உருக்கு ஊசிகளை நட்டாள். முதல் கம்பி பதினாலாவது மடிப்பில் முறிந்தது. இரண்டாவது கடைசிவரை போய், முனைகள் ஒரு அரிசி அகலத்தால் சந்திக்க மறுத்தன. புதன்கிழமை முழுக்க அவள் மேசையை விட்டு எழும்பவில்லை. வின்சன்ட் வந்து எட்டிப் பார்த்து, அணுக்கள் எங்கே என்று கேட்டார். மூலையில் என்றாள். அவர் நான்கு மூலையையும் திரும்பிப் பார்த்துவிட்டு, வாயு விளக்கை அணைக்க மறக்காதே என்று முணுமுணுத்துக்கொண்டு போனார்.

மூன்றாவது கம்பி மூடியது. வியாழக்கிழமை உள்ளே வளையங்களைப் பிரிக்கும் ஆறு குறுக்குக் கம்பிகளையும் வெள்ளிப் பற்றைச் சுடரில் உருக்கி ஒட்டினாள். பழைய மாதிரியை அலுமாரியின் மேல்தட்டில் ஏற்றினாள். அது வித்தியாவின் ஆய்வுகூடத்துக்கு. கலியாணம் முடியட்டும்.

வெள்ளிக்கிழமை காலை அவளுடைய கார் ஜான்-டலோன் சந்தையை மூன்று தடவை சுற்றியது. நிறுத்த இடமில்லை. கடைசியில் எங்கேயோ விட்டுவிட்டு, பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, ஸ்ட்ராபெரி வாங்குகிற கூட்டத்தை இடித்து இடித்து நடந்தாள். இரண்டு பேர் பெட்டிக்குள் என்ன கேக் என்று கேட்டார்கள்.

மகளுக்கு விடிந்தால் கலியாணம். பவளராணி ஏப்ரனோடு நின்று கத்தரிக்காய் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

“இண்டைக்குமோ வேலை?”

“வீட்டில நிண்டா எல்லாரும் எனக்குப் புத்தி சொல்லுகினம். இஞ்ச கத்தரிக்காய் ஒண்டும் சொல்லாது. என்ன, கறுப்பைத்தான் கொண்டு வந்தனியோ?”

சிவமலர் பெட்டியைத் திறந்து, அடிப்பலகையைப் பிடித்து வெளியே எடுத்தாள். சந்தைக் கூரையின் இடுக்கால் வந்த வெயில் பித்தளையில் ஓடியது. பவளராணி கையை ஏப்ரனில் துடைத்தாள். வாங்கவில்லை. ஒரு விரலால் கம்பியைத் தொட்டு, அது போகிற வழியே தடவிப் போனாள். பழுத்த அவகாடோவையும் பழுக்காததையும் பிரிக்கிற அதே விரல். ஒரு மடிப்பில் நின்றது. அடுத்த மடிப்பில் நின்றது.

“எங்கயடி கறுப்பெல்லாம்?”

“இப்ப உன்ர விரல் நிக்குதே, அங்க. மடங்கிற இடமெல்லாம் காபன். படிச்சவை அதை எழுதிறேல்ல. அது நிக்குது எண்டு எல்லாருக்கும் தெரியும்.”

“எழுதாட்டியும்?”

“எழுதாட்டியும். அதுதான் முழுக்கத் தாங்கிறது.”

பவளராணியின் விரல் மறுபடி ஓடத் தொடங்கியது. இந்த முறை வளையம் வளையமாக. உதடு அசைந்தது. “ஏழு,” என்றாள். “ஒற்றை. சம்பந்தியம்மாவின்ர வாயும் மூடும்.” பிறகு நீல உருண்டை ஒன்றைச் சுண்டிப் பார்த்தாள். “இது கழலாதே?”

“ஆட்டாத.”

“ஆட்டேல்ல. பாக்கிறன்.” விரல் கடைசி வளையத்துக்கு வந்து, கீழே முதல் வளையத்தைத் தேடி இறங்கி, இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளிக்குள் நுழைந்தது. நெற்றி சுருங்கியது. “இது ஏன் இதுக்கு மேல ஏறி நிக்குது? பக்கத்தில இருந்தா என்ன?”

சிவமலருக்கு விடை தெரியும். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. வாயை இறுக மூடிக்கொண்டாள்.

“உன்ர மகளிட்டக் கேள்,” என்றாள். “ஆறு வருசமாக் காத்துக்கொண்டிருக்கிறாள்.”

“பெரிய கதை கதையாத. தா.” பவளராணி மேலே உள்ள வளையத்தில் பிடித்துத் தூக்கப் பார்த்தாள். சிவமலர் விடவில்லை.

“அங்க பிடியாத. கீழ. ரெண்டு கையும் குடு.”

“உன்னோட ஒரு கரைச்சல்.”

“ரெண்டு கை, பவளம்.”

கத்தரிக்காய்ப் பெட்டி தூக்குகிற கைகள் இரண்டும் பலகைக்குக் கீழே விரிந்து வந்து, பாரத்தை வாங்கின. சிவமலர் ஒரு கணம் பொறுத்துப் பார்த்துவிட்டு, தன் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்தாள்.